அக்கரைக்காரர்களுக்கு வீடு இல்லை

"முடியாதுன்னா முடியாது! அக்கரைக்காரங்களை இந்தக் கட்டடத்துல சேர்க்கவே கூடாது."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் போட்ட சத்தத்தில், அவர் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்த எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். மாடியில் காலியான வீட்டைக் கேட்டு வந்த இளம் தம்பதி, கைக்குழந்தையோடு வாசலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். இருந்த வீட்டை மாலைக்குள் காலி செய்தாக வேண்டும். இதுவும் இல்லையென்றால் நடுத்தெருதான்.

ஆளுக்கொரு தேசம், ஆளுக்கொரு பாஷை என்று கலந்துகட்டிய கட்டடம் அது. சண்டை மட்டும் எல்லோருக்கும் புரிகிற பொதுப் பாஷையில் நடக்கும். அங்கேயும் ஆற்றுக்கு அந்தப்பக்கத்து ஜனங்களுக்கு மட்டும் கதவு திறந்ததில்லை.

"இத்தனை விதமான ஜனம் இருக்கோம். அவங்க மட்டும் என்ன சார் பாவம் பண்ணாங்க?" என்றாள் எதிர்வீட்டு நர்ஸ்.

"நான் குடிவந்தப்பவே இருந்த சட்டம்மா இது. நானா போட்டேன்?"

"போட்டவங்க எல்லாம் காலி பண்ணிட்டுப் போயாச்சு. நீங்க ஏன் அதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?" என்றார் பேக்கரிக்காரர்.

செயலாளருக்கு வியர்த்துக் கொட்டியது. எழுந்து போய் உள்ளறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"அம்மா தூங்கறாங்க. சத்தம் போடாதீங்க" என்றார், அதுவரை கத்திக்கொண்டிருந்தவரே.

"பாவம், வாய் பேச முடியாத மனுஷி" என்று நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "நான் எட்டிப் பார்த்தா கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டாங்க. மாடியில குழந்தை சத்தம் கேட்டா அவங்களுக்கும் ஆறுதலா இருக்கும் சார்."

"அவங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்!"

"சரி, கையைத் தூக்கிப் பார்த்துடுவோம்" என்றார் பேக்கரிக்காரர். எல்லாக் கைகளும் உயர்ந்தன, செயலாளருடையதைத் தவிர.

வீடு உண்டு என்று தெரிந்ததும் வாசலில் நின்ற பெண் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். குழந்தையை அணைத்துக்கொண்டு தன் பாஷையில் ஏதேதோ கொஞ்சினாள். செயலாளர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டார். அவசரமாக உள்ளே போனார்.

உள்ளறையில் அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

"டேய், அந்தப் பொண்ணு கொஞ்சினது நம்ம பாஷைடா!" என்றாள், வழக்கமான ரகசியக் குரலில். "வீடு கிடைக்கணும்னு ஊமையா இருக்கச் சொன்னே, இருந்தேன். இனிமேலாவது நான் வாயைத் திறக்கலாமா?"