சீட்டுக்கு அடியில் ஒரு டப்பா

மூக்கைச் சிந்திக்கொண்டே ஸ்கூல் வேன் ஓட்டுகிறவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் வேன் அண்ணன் அப்படித்தான். தூசிக்காற்று வீசும் மாசம் வந்தால் போதும். கண் இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுகி, மனுஷன் தும்மித் தும்மியே ஓய்ந்துபோவார்.

சாயங்காலம் தெருமுனையில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் அம்மாக்கள் எங்களுக்கு மனசு கேட்குமா? ஆளுக்கு ஆள் கைப்பையைத் திறந்தோம்.

"இது எங்க வீட்டுக்காரர் போடறதுண்ணே. சட்டுனு கேக்கும்" என்று ஒரு மாத்திரை அட்டையை நீட்டினாள் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா.

"அதைவிட இது பவர் ஜாஸ்தி" என்றார் மாடி வீட்டு அக்கா.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? எனக்கு இதே தும்மலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததில் மீதி கொஞ்சம் கிடந்தது. அட்டையின் ஒரு மூலையை என் மகன் கடித்து வைத்திருந்தான். அதனாலென்ன, மாத்திரை மாத்திரைதானே?

"அண்ணே, இதைப் போட்டுட்டு நான் படுத்தேன்னா, என் மகன் மேல ஏறிக் குதிச்சாக்கூடத் தெரியாது. அவ்வளவு நல்ல மாத்திரை."

"சரிம்மா, சரிம்மா" என்று எல்லாவற்றையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தும்மல் மட்டும் நின்றபாடில்லை. கண்ணும் அதே சிவப்பு. வேனும் தினமும் லேட்டு.

"வழியில அங்கங்க வண்டியை ஓரங்கட்டிடறாராம். என் பொண்ணு சொல்றா" என்றார் மாடி வீட்டு அக்கா.

"எதுக்காம்?" என்றேன்.

"கீழே குனிஞ்சு என்னமோ பண்ணுவாராம். அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு எடுப்பாராம்."

இரட்டையர் அம்மாவின் முகம் மாறியது. "கண்ணு சிவந்திருக்கு. வண்டியை நிறுத்தி நிறுத்திக் குனியறாரு. இது தும்மல் இல்லடி. ஊத்திக்கிறாரு."

 என் மகன் உட்காருவது அந்த வேனில்தானே?

அன்றைக்கு வேன் வந்து நின்றபோது இரட்டையர் அம்மா தயாராக இருந்தாள். பள்ளிக்கூடத்துப் பெரிய மேடத்துக்கு முன்கூட்டியே போன் போட்டு, "லைன்லயே இருங்க மேடம். கையும் களவுமாப் பிடிச்சுத் தர்றோம். அப்புறம் இந்த ஆளு எங்க பிள்ளைங்களை ஏத்தவே கூடாது" என்று சொல்லியும் விட்டாள்.

அண்ணன் இறங்கிக் கதவைத் திறக்கப் போன நேரம், இவள் எட்டி டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். ஒரு தகர டப்பா வந்தது. ஆட்டினாள். கடகடவென்றது.

"பாட்டில் சத்தம் மாதிரி இல்லையே" என்றேன்.

திறந்தாள்.

உள்ளே அவள் வீட்டுக்காரருடைய அட்டை இருந்தது. மாடி வீட்டு அக்காவுடையது இருந்தது. மூலையில் என் மகனின் பல் தடத்தோடு என்னுடையதும் இருந்தது. ஒரு மாத்திரைதான் அதில் குறைந்திருந்தது. மற்றதெல்லாம் கொடுத்தபடியே.

"என்னண்ணே இது?" இரட்டையர் அம்மாவுக்குக் குரல் ஏறியது. "வாங்கி வாங்கி இங்க போட்டு வைக்கத்தானா நாங்க குடுத்தோம்? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

அண்ணன் டப்பாவைப் பார்த்துவிட்டு நெளிந்தார்.

"ஆசையாக் குடுக்கறீங்க. எப்படிம்மா வேண்டாம்கிறது?"

"போட்டுப் பாக்கவாவது செஞ்சீங்களா?"

"ஒண்ணு போட்டேம்மா. ஞாயித்துக்கிழமை, வண்டி எடுக்காத நாளு. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே தூங்கி, தலை தட்டுல போய் விழுந்திருச்சு. மூஞ்சியெல்லாம் குழம்பு. என் பொண்டாட்டி இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா."

"அப்போ வழியில நிறுத்தி நிறுத்திக் குனியறது?"

"தும்மும்போது கண்ணு மூடிக்குதுல்ல? அதான் தும்மல் வர்ற மாதிரி இருந்தா ஓரமா நிறுத்தித் தும்மிட்டு எடுக்கறேன். கொஞ்சம் லேட்டாயிடுது, மன்னிச்சுக்கோங்க."

அதைச் சொல்லும்போதே மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேனுக்குள் கையைக் காட்டினார்.

பார்த்தோம். வெயிலில் வாடி, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, பிள்ளைகள் எல்லாமே தூங்கிக்கொண்டிருந்தன. என் மகன் வாயைப் பிளந்து ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்திருந்தான். தினமும் இப்படித்தான் தூங்கிக்கொண்டு வருகிறான். தினமும் தட்டி எழுப்பித்தான் கூட்டிப் போகிறேன்.

"எல்லாம் தூங்குது பாருங்கம்மா" என்றார் சின்னக் குரலில், எழுப்பிவிடக் கூடாதென்று. "வண்டியில ஒரு ஆளாவது முழிச்சிருக்க வேண்டாமா?"

டப்பாவில் கிடந்த என் அட்டையைப் பார்த்தேன்.

'ராத்திரி மட்டும் போடு, போட்டுட்டுத் தையல் மிஷின்ல உக்காந்துடாதே' என்று டாக்டர் என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாத்திரையைக் கொடுத்த நான் அந்தப் பேச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதைப் பட்டப்பகலில் விழுங்காமல், மாசம் முழுக்கத் தும்மியே என் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார் இந்த மனுஷன்.

"ஹலோ? ஹலோ?" போனில் மேடம் கத்திக்கொண்டிருந்தார். "டப்பால என்னம்மா இருந்துச்சு? நாளைக்கே டிரைவரை மாத்திடவா?"

இரட்டையர் அம்மா டப்பாவை மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"மேடம், இவருக்கு நாளைக்கு ஒருநாள் லீவு குடுங்க. டாக்டர்கிட்ட போகட்டும். வாயைத் திறந்ததும் முதல்ல 'நான் வேன் ஓட்டறவன்'னு சொல்லச் சொல்லுங்க, அதுக்குத் தோதா மருந்து குடுப்பாங்க. அந்த ஒருநாள் பிள்ளைங்களை நாங்களே கொண்டுவந்து விட்டுடறோம். வேற டிரைவரை மட்டும் அனுப்பிடாதீங்க மேடம்."