பூண்டு ஜாம்

வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன், பெரிய கம்பெனி மேனேஜர் வேலையை உதறிவிட்டு வந்து, "பூண்டுல ஜாம் செஞ்சு விக்கப் போறேன்" என்றால் பெண்டாட்டி என்ன செய்வாள்?

முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அதற்கப்புறம் கத்தியைக் கையில் எடுத்தாள். பூண்டு உரிக்கத்தான்.

வீட்டு முன்னறை கடையானது. தெரு முழுக்க நெடி. எதிர்வீட்டு நாய் ஜாகையை மாற்றிக்கொண்டது. அக்கம்பக்கத்தில் அவருக்குப் 'பூண்டு சார்' என்றே பெயராகிவிட்டது.

வியாபாரமும் விசித்திரமாகத்தான் நடந்தது.

"உங்க தைலம் இன்னொரு பாட்டில் கொடுங்க சார். முழங்கால் வலி பறந்து போச்சு" என்றார் மாடி வீட்டு டீச்சர்.

"அது தைலம் இல்ல டீச்சர். ரொட்டியில தடவுறது."

"ரொட்டியில தடவினா முழங்காலுக்கு எப்படிப் போகும்?"

நியாயமான கேள்வி. இன்னொரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

டாக்சி ஓட்டுபவர் ஒருவர் தவறாமல் வாங்குவார். வண்டிக்குள் மூடியைத் திறந்து வைத்துக்கொள்வாராம். "பின்சீட்டுல ஒருத்தரும் வாயைத் திறக்கிறதில்ல சார். நிம்மதியா ஓட்டுறேன்."

"சாப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"நான் பிள்ளைகுட்டிக்காரன் சார்" என்றார் அவர்.

இதையெல்லாம்கூட மனைவி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது சனிக்கிழமைதான். அன்றைக்குத்தான் ஸ்லைடு வருவான்.

பழைய ஆபீஸில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். 'வணக்கம்' சொல்வதற்குக்கூடப் படம் போட்டு விளக்குவான் என்பதால் வந்த பெயர். அவர் வேலையை விட்டதும் அவருடைய நாற்காலி அவனுக்குக் கிடைத்துவிட்டது.

"என்ன சார், இன்னிக்கு எத்தனை பேர் மூக்கைப் பிடிச்சுட்டு ஓடினாங்க?" என்றபடியே வந்தான்.

"வாப்பா, உட்காரு."

"வேண்டாம் சார், துணியில வாசனை ஏறிடும். ஆபீஸ்ல புதுசா வர்ற பசங்களுக்கு உங்களைத்தான் உதாரணம் சொல்றேன். கையில இருக்கிற வேலையை மதிக்கலைன்னா என்ன கதி ஆகும்னு. தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல என்னப்பா தப்பு? நாலு பேர் உருப்பட்டா சரி."

பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவியின் கத்தி அப்படியே நின்றது.

"என்னைப் பாருங்க சார். ஆட்குறைப்புல எத்தனை தலை உருண்டுது! என் மேல ஒருத்தன் கை வைக்க முடிஞ்சுதா? திறமை சார், திறமை!"

அவர் ஜாமைக் கிளறிக்கொண்டே, "குழந்தைங்க சௌக்கியமா?" என்றார்.

"ரெண்டும் வாலு சார்."

"ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போயேன்."

"ஐயையோ! கார்ல கண்ணாடியை ஏத்திட்டுப் போகணும் சார்!"

சிரித்துக்கொண்டே வெளியே போனான். போகும்போதே அவனுக்கு யாரோ போன் செய்ய, காரில் சாய்ந்து நின்று பேச ஆரம்பித்தான்.

உள்ளேயும் போன் அடித்தது. அவர் கையெல்லாம் பூண்டு. மனைவிதான் எடுத்தாள். பேசப் பேச அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"இவர்கிட்ட கேட்டுட்டு உடனே கூப்பிடறேன் சார்" என்று வைத்தவள் குதிக்காத குறை.

"ஏங்க! உங்க டைரக்டர்! திரும்ப வேலைக்கு வரச் சொல்றார். பழைய சம்பளமேதானாம்!"

"முடியாதுன்னு சொல்லிடும்மா."

"என்னது?"

"கம்பெனியில புது நாற்காலியா போடுவாங்க? ஒருத்தனை எழுப்பிட்டுத்தான் என்னை உட்கார வைப்பாங்க. அது வேண்டாம்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"மூளை இருக்கா உங்களுக்கு? போறவன் வர்றவன் எல்லாம் கேவலமா பேசிட்டுப் போறான். அப்படி என்ன பூண்டு மேல ஆசை?"

"ஆசையா? எனக்குப் பூண்டே ஆகாது."

அவர் அடுப்பை அணைத்தார்.

"எங்க பிரிவுல ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பச் சொன்னாங்க. அவன் முகத்தைப் பார்த்தா எனக்கு வார்த்தை வரலை. 'உங்களுக்கு ஒரு தலைதானே வேணும், என்னை எடுத்துக்குங்க'ன்னு சொல்லிட்டேன்."

"சரி, அதுக்கு எதுக்கு ஜாம்?"

"வழியனுப்பு விருந்துல ஆளாளுக்கு ஏன் போறீங்க, ஏன் போறீங்கன்னு துளைச்சாங்க. உண்மையைச் சொல்ல முடியுமா? ஒரு கையில பூண்டு ரொட்டி இருந்தது, இன்னொரு கையில ஜாம் பன். வாய் குளறிடுச்சு. டைரக்டர் உடனே மைக்கைப் பிடிச்சு அறிவிச்சுட்டார். எல்லாரும் கை தட்டி, ஒரு மிக்ஸியும் வாங்கிக் கொடுத்துட்டாங்க. அப்புறம் எப்படிம்மா பின்வாங்கறது?"

"என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா அவன் வீட்டு வாசல்ல போய் சண்டைக்கு நிப்பே."

"நிக்கத்தான் போறேன்! நம்ம குடும்பத்தையே பூண்டு உரிக்க உட்கார வச்சுட்டு, கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கானே, யாரு அந்த மகராசன்? பேரைச் சொல்லுங்க!"

அவர் பதறிப்போய் ஓடி ஜன்னலைச் சாத்தினார்.

"மெதுவா பேசும்மா! இன்னும் காரைக் கிளப்பலை, காதுல விழுந்துடப் போகுது."