ஏழாம் அடுக்கு

காரிமங்கலத்துக் கிணற்றுச் சுவரில் நிலவியலாளர் ஹுமேரா ஏழு பாறை அடுக்குகளைப் பிரித்திருந்தாள். அதே ஏழும் அரூரிலும் இருந்தால்தான் இரண்டு ஊரையும் வரைபடத்தில் ஒரே கோட்டால் இணைக்க முடியும். அரூர்க் கிணற்றில் ஆறுதான் தெரிந்தன.

“ஆறுதாம்மா. மேப்புல பென்சில் கோட்டை அழிச்சிரலாம்,” என்றார் கரையில் நின்ற மேலதிகாரி மாதேஸ்வரன்.

“ஏழாவது, சாம்பல் அடுக்கு உள்ளாற இருக்குதுங்க சார். கொஞ்சம் பொறுங்க.”

அடுக்குகள் உறுதியான பிறகே மஞ்சள் பெயின்டில் எண் போடுவது அவர்கள் வழக்கம். அதனால் புது டப்பா சீல் உடையாமல் ஜீப்பில் கிடந்தது.

கிணற்றுக்குள் ஏணியில் நின்றபடி, ஆறாம் அடுக்குக்கு மேலே சுவரை மூடியிருந்த சுண்ணாம்புப் பொருக்கைச் சுத்தியலால் ஓங்கி அடித்தாள். அது பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. பின்னால் சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கு. அதன்மேல் மஞ்சளில் ஏழு என்ற எண், அவள் எப்போதும் போடும் குறுக்குக்கோட்டோடு. தொட்டுப் பார்த்தாள். பெயின்ட் இன்னும் காயவில்லை.

“கெடச்சிருச்சுங்க சார்! ஏழும் இருக்குது!”

“அட்ரா சக்கை!” மாதேஸ்வரன் கைதட்டினார். மேலே ஏறி வந்தவளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டியது.

“அதுக்குள்ள நம்பரும் போட்டாச்சாம்மா?”

ஹுமேரா கிணற்றைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“போட்டாச்சுங்க சார்.”