கொளுத்த வந்த கோட்டை

புனிதரின் எலும்பின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ரைன் கரையிலும் ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலுமாகச் சிதறிக் கிடக்கும் பரம்பரை நிலங்களை ஆளும் பிரபு மெகின்ஹார்ட், தன் செல்ல ராஜாளியை அறுத்துக் குழம்பு வைத்த அத்தை ரிக்கின்சாவைப் பழிவாங்க, வாரக்கணக்கில் குதிரையில் வந்து அவள் கோட்டை வாசலில் நிற்கிறான். கையில் தீப்பந்தம் சடசடக்கிறது. மாலை வெயிலில் அவன் தாடியும் சேர்ந்து எரிவதுபோல் இருக்கிறது. வாயிற்காவலன் கிழங்கைக் கடித்தபடி வருகிறான். “தாராளமாக் கொளுத்துங்க எசமான். அத்தையம்மா போன வாரமே போய்ச் சேந்துட்டாங்க. கோட்டைய உங்க பேருக்கு எழுதி வச்சுட்டு, ‘இப்பக் கொளுத்தச் சொல்லு அவன’ன்னு சிரிச்சுக்கிட்டே கண்ண மூடினாங்க.” “கெழவி செத்தும் கழுத்தறுத்துட்டாளேடா!” தீ இறங்கி இறங்கிக் கையுறையைத் தொடுகிறது. பிரபு பந்தத்தை வீசவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அவன் பல்லைக் கடிக்கும் சத்தம் மதிலில் மோதித் திரும்புகிறது. அந்த மாதம் முழுக்க அந்தப் பக்கம் விடாத அடைமழை; மாலை வெயிலும் தீப்பந்தமும் எங்கிருந்து வந்தன என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.