மூன்றாவது தடங்கல்

"மறுபடியும் அதே நீலத் திரைதாம்மா. ஒன்பது மணிக்குப் பையனாத்துக்காரா கேமரால வரா. அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடு" என்றாள் ருக்கு.

மணி எட்டு. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஈஜிபுராவிலிருந்து தொம்மலூருக்கு ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு வந்திருந்தாள் வீணா. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவள் வேலை. ஒரே வீட்டுக்கு ஒரே கோளாறுக்காக மூன்றாவது தடவை வருவது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ரெண்டு ஞாயிறு தடங்கல் ஆயிடுத்து. மூணாவது தடவையும் ஆனா இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு அமெரிக்காவுலேர்ந்து பையனோட அம்மா சொல்லிட்டா. ரொம்பச் சகுனம் பாக்கறவா" என்றாள் ருக்கு. "எங்கண்ணா கொண்டுவந்த இடம் வேற. அவர் சொல்லுக்கு இந்தாத்துல யாரும் மறுபேச்சுப் பேசினதில்லை."

ருக்குவின் கணவர் பத்ரிநாத் பக்கத்து நாற்காலியில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். மாநில அரசில் மின்சார இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர். கம்ப்யூட்டர் நீலத் திரை காட்டிப் படுத்த நாள், நேரம், வீணா செய்த வேலை எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி, கடைசியில் அவளிடம் கையெழுத்தும் வாங்கிவிடுவார்.

வீணா கம்ப்யூட்டரைக் கிளப்பி உள்ளே போய்ப் பார்த்தாள். சந்தேகப்பட்டது சரியாக இருந்தது.

"சார், இந்தக் கேமராவைக் கம்ப்யூட்டரோட பேச வைக்கிறது டிரைவர்னு ஒரு புரோகிராம். கேமராவோட வந்த சி.டி.யில இருக்கறது ரொம்பப் பழசு. இந்த மெஷினுக்கு ஒத்துவராது. கேமராவைத் திறந்தா மெஷின் படுத்துடும். அதை எடுத்துட்டுப் புதுசு போட்டுட்டுத்தான் போனேன். இப்போ பார்த்தா பழசே திரும்ப உக்காந்திருக்கு."

"தானா வருமா?" என்றார் பத்ரிநாத்.

"வராது சார். யாரோ சி.டி. போட்டு ஏத்தியிருக்காங்க. இதோ தேதி காட்டுது பாருங்க. நேத்து காலைல ஆறு மணி."

"அதெல்லாம்கூடக் காட்டுமா?" பேனா நோட்டில் ஓடியது. "எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்றது?"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறதுதான் சார். அது தப்பா இருந்தா இதுவும் தப்பாத்தான் காட்டும்."

"ஆறு மணிக்கா?" ருக்குவின் முகம் மாறியது. "அந்த நேரத்துல நிருபமா மட்டும்தானே முழிச்சிண்டு படிச்சிண்டிருப்பா?"

அப்போதுதான் வாசற்படியில் பட்டுப்புடவையோடு நின்ற மகள் நிருபமாவை வீணா கவனித்தாள். வாயை ஏன் திறந்தோம் என்றாகிவிட்டது.

"அந்தக் கடிகாரமே தப்பா இருக்கும் ஆன்ட்டி" என்று அவசரமாகச் சொன்னாள்.

"குழந்தையை ஏன் இழுக்கறே? மெஷின்னா ஆயிரம் கோளாறு வரும்" என்று பத்ரிநாத்தும் அதட்ட, ருக்கு முணுமுணுத்துக்கொண்டே பூ எடுக்கப் போனாள்.

எட்டரைக்குள் வேலை முடிந்தது. கேமராவை மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தாள் வீணா. அலுங்காமல் ஓடியது.

"அந்தப் பழைய சி.டி.யைக் குப்பையில போடுங்கோ" என்றாள் ருக்கு.

"வேண்டாம், என் பீரோவுல வெச்சுப் பூட்டறேன்" என்று வாங்கிக்கொண்டார் பத்ரிநாத். "நீங்க மூணு பேரும் போய்க் காபி குடிங்கோ. ஒன்பது மணி வரைக்கும் நான் இங்கேயே உக்காந்து பாத்துக்கறேன். யாரும் இதைத் தொட வேண்டாம்."

சமையலறையில் ருக்கு மகளுக்குப் பூ வைத்துவிட்டாள். அவள் வெற்றிலைத் தட்டு எடுக்க நகர்ந்ததும் நிருபமா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் தொடலை அக்கா. சத்தியமா. ஆனா கெட்டுப்போனப்பல்லாம் சந்தோஷமா இருந்தது. அடுத்த வாரம் பிஎச்.டி. இன்டர்வியூ. நிச்சயம் ஆயிட்டா அதை மறந்துட வேண்டியதுதான்."

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். கேட்டுண்டார். அவ்வளவுதான்."

வீணாவுக்குப் பாவமாக இருந்தது. சரி செய்யாமலே விட்டிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

சரியாக ஒன்பது மணி. நிருபமா திரைமுன் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் முன்மண்டையும் நெற்றியும் தெரிந்தன. புருவம் வருவதற்குள் திரை நீலமாகிவிட்டது.

ருக்கு அப்படியே சோபாவில் சரிந்தாள். இரண்டு நிமிஷத்தில் டெலிபோன் அடித்தது. பத்ரிநாத்தான் எடுத்தார். "ஆமாம்... வாஸ்தவம்... நமக்குக் கொடுத்து வைக்கலை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வீணா மெஷினைத் திரும்பக் கிளப்பி உள்ளே போய்ப் பார்த்தாள். அதே பழைய டிரைவர். ஏற்றிய தேதியோ போன மாதம் என்று காட்டியது. அரைமணி முன்னால் தன் கையால் எடுத்துப் போட்டது எப்படி மறுபடி வந்தது? நிருபமா அவள் கண்ணெதிரிலேயே இருந்தாள். ருக்குவும்தான்.

"ஆய்த்து, விடும்மா" என்று பத்ரிநாத் நோட்டை நீட்டினார். "இன்னிக்கு வந்ததுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுடு."

மின்விசிறிக் காற்றில் ஒரு தாள் புரண்டது. பின்பக்கத்தில், இன்ஸ்பெக்டரின் முத்து முத்தான கையெழுத்தில், வரிசை எண் போட்டு எழுதியிருந்தது: ஒன்று, முதலில் கடிகாரத்தை ஒரு மாதம் பின்னால் தள்ளவும். இரண்டு, பழைய சி.டி.யைப் போடவும். மூன்று, கடிகாரத்தை மறக்காமல் பழையபடி வைக்கவும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக்.

வீணா தாளைத் திருப்பிவிட்டு, 'கோளாறுக்கான காரணம்' என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.