மிக்சரின் துக்கம்

மகள் ஷைனி இறந்து எட்டு மாதமாகியும் அவளுடைய நாய் மிக்சர் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் ரெஜினா அதை ஏற்காட்டிலிருந்த அந்த ஸ்பா ஹோட்டலுக்கு அழைத்து வந்தாள். அங்கே நாய்க்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீரில் குளிப்பாட்டி, துக்கத்தையும் எடுத்துவிடுவார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்த மிக்சர், கிண்ணம் நிறைய வைத்த கறிச்சோற்றில் ஆவலோடு வாய் வைத்தது. ரெஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஷைனி பாத்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா!"

அந்தப் பெயரைக் கேட்டாலே வாசலுக்கு ஓடும் நாய், இப்போது தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஷைனிடா... நம்ம ஷைனி!"

"அந்த ஞாபகத்தோடதான் மேடம் துக்கமும் போகும். முன்னாடியே சொன்னோமே," என்றாள் பணிப்பெண் மெதுவாக.

"திரும்ப வச்சிடும்மா. சாப்பிடலைன்னாலும் பரவாயில்ல. எங்கூட சேந்து அவளுக்காகக் காத்துக் கெடந்தது இது ஒண்ணுதான்."

"முடியாது மேடம்."

வயிறு நிறைந்த மிக்சர் ரெஜினாவின் மடியில் ஏறிப் படுத்தது. அதன் ஈரக் காதுகளை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தவள், பிறகு குனிந்து சொல்லத் தொடங்கினாள்.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தா, மிக்சர். மழையில நனைஞ்சிட்டு நின்ன உன்னைத் தூக்கிட்டு வந்தது அவதான்."