நடுக்கோடு

"நடுவுலயே போடு தம்பி," என்றார் எலிசேயோ.

யெர்கோ டிரில்லைக் கீழே வைத்துவிட்டான்.

கடை மேசையில் புத்தம்புதிய பனிச்சறுக்குக் கட்டைகள். முன்முனை போலவே பின்முனையும் மேல்நோக்கி வளைந்தவை. பூட்ஸைக் கவ்விப் பிடிக்கும் பூட்டை எங்கே திருகுவது என்பதற்கு இரண்டு கோடுகள் உண்டு. சற்றுப் பின்தள்ளி இருப்பது மலை முழுக்கச் சுற்றி இறங்குகிறவர்களுக்கு. நட்டநடுக் கோடு, 'பார்க்' என்கிற சாகசச் சரிவில் பனிமேட்டிலிருந்து எகிறி, அந்தரத்தில் சுழன்று, பின்புறமாக வந்து இறங்கும் இளவட்டங்களுக்கு.

எலிசேயோவுக்கு வயது ஐம்பத்தாறு. மலையடிவார ஊரான இந்த லாஸ் டிராங்காஸில் ரொட்டிக்கடை. குனிந்தால் முட்டி சத்தம் போடும்.

"அண்ணே, இது சட்டைப் பட்டன் இல்ல, பிரிச்சு மாத்தித் தைக்க. ஓட்டை போட்டா போட்டதுதான். நடுவுல போட்டா புதுப்பனியில முனை புதையும், குப்புறப் போய் விழுவீங்க."

"அதுக்குத்தானே அகலமானதா கேட்டேன்? பார்க்குக்கும் ஆகணும், மலைக்கும் ஆகணும்."

மூன்று நாளாக இதே கூத்து. வியாழக்கிழமை வாடகைக்கு எடுத்துப் போனது மெல்லியது. காலையில் கல்லாக இறுகிக் கிடந்த சரிவில் வெடவெடவென்று நடுங்கியதாம். வெள்ளிக்கிழமை எடுத்தது முரட்டுக் கட்டை. முன்னால் நன்றாகப் போனது, பின்னால் போக மாட்டேன் என்று அடம்பிடித்ததாம். இரண்டு நாளும் சட்டைக் காலருக்குள் பனியோடுதான் திரும்பி வந்தார்.

பார்க் பையன்கள் அவருக்கு 'ரிவர்ஸ் தாத்தா' என்று பேர் வைத்துவிட்டார்கள். மனிதர் ஒரு மேட்டில்கூடக் குதிக்கவில்லையாம். பின்புறமாகவே இறங்கி, பின்புறமாகவே விழுந்தாராம்.

வரும்போதெல்லாம் அவர் கண் முதலில் போவது சுவரில் மாட்டியிருந்த நீலக் கட்டைகளுக்குத்தான். அவர் மனைவி நெல்டாவினுடையவை. விற்றுக் கொடுக்கச் சொல்லி இரண்டு வாரம் முன்பு அவளே கொண்டுவந்து வைத்தாள். யெர்கோ இந்தக் கடைக்கு வந்து அப்போது நாலு நாள்தான். பின்னாலிருந்து "வாங்க அக்கா" என்று கூப்பிட்டான். அவள் திரும்பக்கூட இல்லை. விலையை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனாள். அப்பா, என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டான்.

"யாராச்சும் கேட்டாங்களா?"

"கொன்செப்சியோன்ல இருந்து ஒரு அம்மா. நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கறாங்களாம்."

எலிசேயோவின் முகம் விழுந்துவிட்டது.

"சாயங்காலம் வரைக்கும் பொறு. காலையில ஒரே ஒரு தடவை என்கூட மலைக்கு வரச் சம்மதிச்சிருக்கா. அப்பவும் மனசு மாறலைன்னா கொடுத்துடு." நீலக் கட்டைகளைப் பார்த்தார். "இருபத்தெட்டு வருஷம் சேர்ந்தே எறங்கினோம்டா. அவ வராத மலை எனக்கு எதுக்கு?"

யெர்கோவுக்கு எரிச்சலாக வந்தது. பெண்டாட்டியை மலைக்குத் திரும்பக் கூட்டிவர இத்தனை ஆசை. வாங்குவதோ விடலைகளின் கட்டை.

"அக்கா ஏன் விக்கிறாங்கன்னு இப்பத்தான் புரியுது," என்றான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

எலிசேயோ கோபப்படவில்லை. "போடு தம்பி."

"சரி, ரெண்டு விரல் பின்னால தள்ளிப் போடட்டுமா? முட்டிக்கும் நல்லது."

"பின்பக்கமாப் போறது கஷ்டமாகுமா?"

"கொஞ்சம்."

"அப்ப வேண்டாம்."

இனி அவர் பாடு, அவர் முட்டி பாடு. யெர்கோ நடுக்கோட்டிலேயே துளைத்தான், பசை விட்டான், திருகினான். காலை வரை ஏறி நிற்காதீர்கள், பசை காய வேண்டும் என்றான்.

கதவு திறந்தது. மழைச்சாரலும் பொரித்த சொபாய்பியா அப்பத்தின் வாசனையும் சேர்ந்து உள்ளே வந்தன. காகிதப் பொட்டலத்தோடு நெல்டா.

"அக்கா, கதவைக் கொஞ்சம் சாத்திடுங்க!"

அவள் நேராக நீலக் கட்டைகளிடம் போய் நின்றாள்.

"அக்கா! கதவு!"

அவள் கட்டையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். எலிசேயோ அவளைச் சுற்றிக்கொண்டு போய் எதிரே நின்றார். அவள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள்.

"இங்க மழைன்னா மேல புதுப்பனி," என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை நன்றாகத் திறந்து.

யெர்கோவின் கையில் திருப்புளி அப்படியே நின்றது.

"வர்றேன்னு சொல்லிட்டேன், வர்றேன்." அவள் குரல் அந்தச் சின்னக் கடைக்கு ரொம்பவே பெரிதாக இருந்தது. "ஆனா பழசு மாதிரி இருக்காது, எலிசேயோ. நீ முன்னால வாய் ஓயாம பேசிக்கிட்டே போவே, நான் பின்னால சிரிச்சிக்கிட்டே வருவேன். இந்தக் காய்ச்சல் வந்து காதைக் கொண்டுபோயிருச்சு. இனி உன் முதுகைப் பாத்துக்கிட்டு நான் என்னத்த எறங்க?"

எலிசேயோ மேசைக்குப் போனார். புதுக் கட்டைகளை எடுத்து, வளைந்த பின்முனையை அவளிடம் காட்டினார். பிறகு அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடியே வாசலை நோக்கிப் பின்புறமாக நடக்க ஆரம்பித்தார். நடந்துகொண்டே பேசினார். பார்க் பையன்கள் வைத்த பேரைச் சொன்னார். எத்தனை தடவை எங்கெங்கே அடிபட்டது என்று சொன்னார்.

நெல்டாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சுவரிலிருந்து நீலக் கட்டைகளை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் பின்னால், இல்லை, அவர் முன்னால் போனாள். யெர்கோ ஓடிப்போய் விலைச்சீட்டைப் பிய்த்துக்கொண்டான்.

எலிசேயோவுக்குப் பின்னால் இரண்டு எட்டில் வாசற்படி. மழையில் நனைந்து கிடந்தது. யெர்கோ கத்த வாய் திறப்பதற்குள் நெல்டா சொன்னாள்:

"படி. பாத்து."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. அவள் சொன்ன இடத்தில் காலைத் தூக்கி வைத்தார்.